நத்தார் விழாவும் நம் அயலவரும்

நவம்பர் மாதத்தின் இறுதி வாரம் வந்ததும் எமது வீட்டு அஞ்சற்பெட்டி நிரம்பத் தொடங்கிவிடும். மின்சாரக் கட்டணச் சீட்டுக்கும் அங்காடிகளின் விளம்பரத் தாள்களுக்கும் இடையே வண்ணத் தாளில் அச்சிட்ட அழைப்பிதழ்கள் மூன்று நான்காவது கிடைக்கும். ஒன்று நகரின் ஜேர்மன் பங்குக் கோவிலிலிருந்து வரும். மற்றொன்று தமிழ்ச் சபையொன்றிலிருந்து வரும். இப்போது கைத்தொலைபேசியிலும் வந்து குவிகின்றன. ஒளிவிழா, நத்தார் ஒன்றுகூடல், பாலன் பிறப்பு விழா எனத் தலைப்புகள் வேறுபட்டாலும், அடியிற் காணப்படும் வாசகம் ஒன்றே: அனைவரும் வருக.

அந்த 'அனைவரும்' என்ற சொல்லைப் பற்றியே இவ்வாரம் எழுத விரும்புகின்றோம்.

ஜேர்மனியில் வாழும் எமது மக்களிற் பெரும்பாலோர் சைவர்கள். கத்தோலிக்கரும் ஏனைய திருச்சபையினரும் சிறுபான்மையினர். ஆயினும் டிசெம்பர் பிறந்ததும் இந்த நாடு முழுவதும் கிறிஸ்து பிறப்பையே பேசுகின்றது. சைவப் பிள்ளைகளும் பாலர் பாடசாலையிற் குடில் நாடகத்தில் இடையர்களாகவும் ஆடுகளாகவும் நடித்துவிட்டு வந்து, வீட்டிலே தாயிடம் ஆயிரம் கேள்வி கேட்கின்றார்கள். ஆகவே திருச்சபைகள் தமது விசுவாசத்தை அயலவரோடு பகிர்ந்துகொள்ள ஏற்ற காலம் இதுவே என எண்ணுவது இயல்பு. பகிர்வது அவர்களின் கடமை என்பதும் எமது கருத்து. நாமும் கிறிஸ்தவக் குடும்பமொன்றிற் பிறந்தவரே. ஆனால் எவ்வாறு பகிர்வது என்பதில் எமக்குக் கசப்பான பாடமொன்று கிடைத்திருக்கின்றது. எமது தவறும் அதில் உண்டு என்பதால் அதனை மறைக்காமல் எழுதுவதே முறை.

சில ஆண்டுகளுக்கு முன்னர் எமது பகுதியிலுள்ள சபையொன்று பிள்ளைகளுக்காக நத்தார் மாலை நிகழ்ச்சியொன்றை ஒழுங்கு செய்தது. முன்னாள் ஆசிரியர் என்ற காரணத்தால் வாசலில் மேசை போட்டிருந்து பெயர் பதியும் பொறுப்பு எமக்குத் தரப்பட்டது. பிள்ளையின் பெயர், வயது, பெற்றோர் பெயர், வீட்டு விலாசம், தொலைபேசி இலக்கம் என ஐந்து நிரல்கள் கொண்ட தாள் எம்முன் இருந்தது. பதிந்த ஒவ்வொருவருக்கும் இலக்கமிட்ட துண்டு ஒன்று கொடுத்தோம். நிகழ்ச்சி முடிவில் அத்துண்டைக் காட்டினாற் பரிசுப் பொதி கிடைக்கும் என்பது ஏற்பாடு.

பாடல்கள் நன்றாகவே இருந்தன. அதன் பின்னர் பிரசங்கம் தொடங்கியது. ஒரு மணித்தியாலத்திற்கு மேலாகியும் முடியவில்லை. பசித்த சிறுவர் கதிரைகளில் நெளிந்தனர். பரிசுப் பொதிகளோ மேடையில், பிரசங்கியாரின் முதுகுக்குப் பின்னால், பளபளக்கும் தாள்களிற் சுற்றப்பட்டு அடுக்கியிருந்தன. இறுதியில், இயேசுவை ஏற்றுக்கொள்பவர்கள் கையை உயர்த்துங்கள் என்று கேட்கப்பட்டது. மண்டபத்திலிருந்த பிள்ளைகள் எல்லோரும் கையை உயர்த்தினார்கள். பொதிக்காகவே உயர்த்தினார்கள் என்பது வாசலில் இருந்த எமக்குத் தெரிந்தது. மேடையில் இருந்தவர்களுக்கும் தெரிந்திருக்கும்.

அத்தோடு முடிந்திருந்தால் அதனை ஒரு குறையாகக் கருதி மறந்திருப்போம். தை மாதத்தில் சபையினர் இருவர் நாம் எழுதிய பட்டியலை எடுத்துக்கொண்டு, அகதிகள் குடியிருப்பில் வீடு வீடாகச் சென்றிருக்கின்றார்கள். நல்லெண்ணத்தோடுதான் சென்றார்கள். ஆனால் அது குளிர்கால இரவு. கணவர் உணவகமொன்றின் சமையலறையில் வேலைக்குப் போயிருக்க, இரு பிள்ளைகளோடு தனித்திருந்த தாயொருவரின் கதவு தட்டப்பட்டது. அவரது தஞ்ச விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டு, மேன்முறையீட்டின் முடிவுக்காகக் காத்திருந்த நேரம் அது. சில நாள்களின் பின்னர் பேருந்துத் தரிப்பிடத்தில் எம்மைக் கண்ட அவர், கோபப்படாமல், மெல்லிய குரலிற் சொன்னார்.

"மாஸ்டர், நீங்கள் எழுதினபடியாத்தான் நான் விலாசம் தந்தனான். கதவு தட்டின சத்தத்துக்கு லைற்றை நூத்துப்போட்டு, பிள்ளையளின்ர வாயைப் பொத்திக்கொண்டு இருந்தனாங்கள்."

நாடு கடத்துவதற்குப் பொலிசார் வந்துவிட்டார்கள் என்றே அவர் எண்ணியிருக்கின்றார். எமக்கு நா எழவில்லை. பெயரையும் விலாசத்தையும் பிறர் கையிற் கொடுப்பது எம்மவருக்கு எத்துணைப் பாரமான செயல் என்பதை நாம் அறியாதவரா? பெயர்ப்பட்டியல்களுக்கு அஞ்சியே ஊரை விட்டு வந்தவர்கள் எம்மிடையே எத்தனை பேர்! அறிந்திருந்தும், ஒரு நத்தார் மாலையில் அதனை மறந்துவிட்டோம்.

அடுத்த ஆண்டு நிகழ்ச்சிக்கு அந்தக் குடியிருப்பிலிருந்து ஒரு குடும்பமும் வரவில்லை. மக்களின் மனம் கடினப்பட்டுப்போயிற்று என்று ஏற்பாட்டுக் கூட்டத்தில் ஒருவர் வருந்தினார். காரணத்தை அறிந்திருந்த நாம் அன்று வாய் திறக்கவில்லை. இன்று எழுதுகின்றோம்.

நத்தார்க் கதையைச் சற்று நினைத்துப் பாருங்கள். பேரரசனின் கட்டளைப்படி தன் பெயரைப் பதிவு செய்வதற்காகவே யோசேப்பு நிறைமாதக் கர்ப்பிணியுடன் பெத்லகேமுக்குப் போனார் என்று லூக்கா எழுதுகின்றார். சத்திரத்தில் இடம் கிடைக்கவில்லை. பிறந்த குழந்தையைக் கொல்ல அரசன் தேடுகின்றான் என அறிந்து, இரவோடிரவாக எகிப்து தேசத்துக்கு ஓடினார்கள் என்று மத்தேயு எழுதுகின்றார். பதிவும், இடமின்மையும், இரவில் எல்லை கடத்தலும் நிறைந்த கதை இது. இக்கதையைக் கேட்டதும் விளங்கிக்கொள்ளக்கூடியவர்கள் எம்மக்கள். அத்தகையவர்களுக்கு இதனைச் சொல்ல அழைத்துவிட்டு, வாசலிலே நாமே ஒரு பதிவு மேசையைப் போட்டிருந்தோம்.

பரிசையும் மதத்தையும் ஒன்றாகக் கட்டிக் கொடுக்கும் வழக்கம் எமக்குப் புதியதன்று. 1816ஆம் ஆண்டில் அமெரிக்க மிசனரிமார் யாழ்ப்பாணத்துக்கு வந்தனர். 1823இல் வட்டுக்கோட்டையில் செமினரியும், 1824இல் உடுவிலில் மகளிர் விடுதிப் பாடசாலையும் நிறுவினர். மானிப்பாயில் மருத்துவர் சாமுவேல் கிறீன் தமிழிலேயே மேலைநாட்டு மருத்துவத்தைக் கற்பித்தார். இவர்கள் செய்த கல்விப் பணிக்கும் மருத்துவப் பணிக்கும் எமது சமூகம் இன்றும் கடன்பட்டிருக்கின்றது. ஆயினும் விடுதிகளில் உணவும் உடையும் கல்வியும் மதமும் ஒரே கையால் வழங்கப்பட்டன. அதனால், விசுவாசத்தால் மதம் மாறியவரும் சோற்றுக்காக வேதத்திற் சேர்ந்தவர் என்ற ஏச்சைக் கேட்க நேர்ந்தது. உண்மையாகவே நம்பியவரின் நம்பிக்கைக்கும் அது இழுக்காயிற்று.

அக்காலத்தில் இதனைக் கடுமையாகக் கண்டித்தவர் ஆறுமுக நாவலர். அவர் கிறிஸ்தவத்தை அறியாமற் பேசியவரல்லர். மெதடிஸ்த மிசன் பாடசாலையிற் பயின்று, அங்கேயே கற்பித்து, பீற்றர் பேர்சிவல் பாதிரியாருக்கு வேதாகமத் தமிழாக்கத்தில் துணை நின்றவர். அதே மனிதரே 1848இல் வண்ணார்பண்ணையிற் சைவப் பாடசாலையை நிறுவினார். விவிலியத்தை வரிவரியாக அறிந்த ஒருவர் ஏன் எதிரணியில் நின்றார் என்று எமது சபைகள் தம்மைத் தாமே கேட்டுக்கொள்வது நன்று.

இக்கேள்வியைத் திருச்சபைகள் உலக அளவிற் கேட்டுமிருக்கின்றன. 2011ஆம் ஆண்டு உலகத் திருச்சபைகள் மன்றமும், வத்திக்கானின் பல்சமய உரையாடல் அவையும், உலக சுவிசேஷக் கூட்டமைப்பும் இணைந்து, பல சமயத்தவர் வாழும் உலகிற் சாட்சி பகர்வது எவ்வாறு என்பது பற்றிய பரிந்துரைகளை வெளியிட்டன. விசுவாசத்தை அறிவிப்பது கிறிஸ்தவரின் கடமை என்பதை அது உறுதியாகக் கூறுகின்றது. பொருள் காட்டி ஈர்ப்பதையும், வறுமையிலும் தேவையிலும் உள்ளவர்களின் நிலையைப் பயன்படுத்துவதையும் அதே உறுதியோடு விலக்குகின்றது. பல வேளைகளிற் கருத்து வேறுபட்டு நிற்கும் மூன்று அமைப்புகள் இதில் ஒருமித்தன என்பதைக் கவனிக்க வேண்டும்.

இவ்வளவும் சொன்னதும், அப்படியானால் வீண்வம்பு ஏன், சமயம் பேசாமல் நத்தார் தாத்தாவை மட்டும் அழைத்து வந்து பிள்ளைகளை மகிழ்விப்போம் என்பார் சிலர். அத்தகைய நிகழ்ச்சியொன்றுக்கும் நாம் போயிருக்கின்றோம். மண்டபம் முழுவதும் வண்ண விளக்குகள். சினிமாப் பாட்டுகளுக்கு நடனம். சிவப்பு உடுப்பில் நத்தார் தாத்தா. அதன் பின்னர் கொத்துரொட்டி. எமது பக்கத்தில் இருந்த முதியவர் ஒருவர், நெற்றியில் நீறணிந்தவர், வீடு திரும்பும் வழியிற் கேட்டார்: "தம்பி, நல்லாத்தான் இருந்தது. ஆனால் இண்டைக்கு ஆர் பிறந்தவர், ஏன் பிறந்தவர் எண்டு ஒருத்தரும் சொல்லேல்லையே?"

அவர் அதனைக் கேட்கவே வந்திருந்தார். அயலவரின் வீட்டுக்கு விருந்துக்குப் போனால், அவ்வீட்டார் எதனைக் கொண்டாடுகின்றனர் என அறிய விரும்புவதே மரியாதை. அதனைச் சொல்லாமல் விடுவது, விருந்தினருக்கு விளங்காது என்று நாமே தீர்மானிப்பதாகும். மறைத்து வைத்து இறுதியிற் பிடிப்பதும் தவறு. மறைத்தே விடுவதும் தவறு. சொல்ல வேண்டியதை வெளிப்படையாகச் சொல்லி, கைம்மாறாக எதனையும் கேளாதிருப்பதே எமக்குச் சரியெனத் தோன்றுகின்றது.

நத்தார் வழக்கங்கள் சில எவ்வாறு தோன்றின என்று பார்த்தால் இது விளங்கும். 1223ஆம் ஆண்டு இத்தாலியின் கிரேச்சியோ என்னும் ஊரிலே அசிசி நகர்ப் புனித பிரான்சிஸ், வைக்கோலும் உயிருள்ள மாடும் கழுதையும் கொண்டு பாலன் பிறப்புக் காட்சியை அமைத்தார். குழந்தை எத்தகைய வறுமையிற் பிறந்தது என்பதை ஊர்மக்கள் தம் கண்ணாலேயே காணவேண்டும் என்பது அவர் விருப்பம். இன்று எமது வீடுகளில் அமைக்கும் பாலன் குடில்களுக்கு அதுவே முன்னோடி.

1818ஆம் ஆண்டு நத்தார் முன்னிரவில், ஓஸ்திரியாவின் ஒபேர்ண்டோர்ப் என்னும் ஊரின் கோவிலில், 'சைலன்ற் நைற்' என்று இன்று உலகறிந்த பாடல் முதன்முறை பாடப்பட்டது. எழுதியவர் ஜோசப் மோர் என்ற இளங்குரு. இசையமைத்தவர் பிரான்ஸ் சேவியர் குரூபர் என்ற கிராமப் பள்ளிக்கூட ஆசிரியர். திருவழிபாட்டின் மொழி இலத்தீனாக இருந்த அக்காலத்தில், ஊர்மக்களின் ஜேர்மன் மொழியில், கித்தார் வாத்தியத்தோடு அது பாடப்பட்டது. நெப்போலியன் காலப் போர்களால் நலிந்திருந்த மக்களுக்கு அது தம் வீட்டுப் பாட்டாயிற்று.

மூன்றாவது, எமது பிள்ளைகள் பாடசாலையிற் செய்து கொண்டுவரும் அட்வென்ற் வளையம். ஹம்பேர்க் நகரில் ஏழைச் சிறுவருக்காக 1833இல் இல்லமொன்றை நிறுவியவர் யோஹான் ஹின்றிக் விஹேர்ன். நத்தாருக்கு இன்னும் எத்தனை நாள் என்று அச்சிறுவர்கள் ஓயாது கேட்டனராம். 1839இல் அவர் ஒரு பழைய வண்டிச் சில்லை எடுத்து, கிழமை நாள்களுக்குச் சிறிய சிவப்பு மெழுகுதிரிகளையும், ஞாயிறுகளுக்கு நான்கு பெரிய வெள்ளை மெழுகுதிரிகளையும் பொருத்தி, நாளுக்கொன்றாக ஏற்றினார். பிள்ளைகள் கேட்டது நாள்கணக்கு. அவர் அதற்கே மறுமொழி சொன்னார். விளக்கு ஏற்றும்போது கதையையும் சொன்னார்.

இம்மூவரும் தம் முன்னே நின்ற மக்கள் யார், அவர்களுக்கு என்ன விளங்கும், அவர்கள் எதனைக் கேட்கின்றார்கள் என்று முதலிற் பார்த்தார்கள். எமது சபைகளும் பங்குகளும் செய்யவேண்டிய முதல் வேலையும் அதுவே. அயலவரின் மார்கழி எத்தகையது என்று அறியாமல் அவர்களை அழைக்க முடியாது. சில நடைமுறை விடயங்களைக் குறிப்பிடுகின்றோம்.

முதலாவது, நாளும் நேரமும். எம்மவரிற் பலர் உணவகச் சமையலறைகளில் வேலை செய்கின்றனர். டிசெம்பர் மாதத்து வெள்ளி, சனி மாலைகள் அவர்களுக்கு ஆண்டின் மிகக் கடுமையான பொழுதுகள். சனிக்கிழமை மாலை விழா வைத்தால் தாயும் பிள்ளைகளும் மட்டுமே வருவர், தகப்பன்மார் வரமாட்டார்கள். பெரும்பாலான உணவகங்களுக்கு ஓய்வு நாள் திங்கட்கிழமை. திங்கள் மாலையில், பிள்ளைகளின் பாடசாலையை எண்ணி நேரத்தோடு முடிக்கும் விழாவொன்றை வைத்துப் பாருங்கள், குடும்பமாக வருவார்கள். கடைசிப் பேருந்து எத்தனை மணிக்கு என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது, உணவு. கார்த்திகைப் பூரணைக்கு மறுநாள் தொடங்கி மார்கழி வளர்பிறைச் சஷ்டி வரை இருபத்தொரு நாள் பிள்ளையார் கதை விரதம். அதனையடுத்துத் திருவெம்பாவைக் காலம். நத்தார் விழாக்கள் பெரும்பாலும் இவற்றுக்குள்ளேயே வருகின்றன. விரதகாரரை அழைத்து, மச்சச் சாப்பாட்டை முன்வைத்து, மூலையில் ஒரு தட்டு மரக்கறி ரோல்ஸ் வைப்பது அழைப்பாகாது. முழுச் சாப்பாட்டையும் சைவமாக, வேறு பாத்திரங்களிற் சமைத்தால் யாருக்கும் குறைவில்லை. விரதம் பிடிக்கும் அம்மா ஒருவரையே சமையலுக்கு மேற்பார்வை செய்யும்படி கேட்டால் இன்னும் நன்று.

மூன்றாவது, அழைப்பிதழ். நிகழ்ச்சியில் என்ன நடக்கும் என்பதை உள்ளபடி எழுதுங்கள். பாடல், பிள்ளைகளின் நாடகம், கிறிஸ்து பிறப்பைப் பற்றிப் பத்து நிமிட உரை, பின்னர் உணவு என்று எழுதினால், வருபவர் அறிந்து வருவார். கலைநிகழ்ச்சி என்று மட்டும் எழுதிவிட்டு உள்ளே பிரசங்கம் வைப்பது, வந்தவரை ஏமாற்றுவதாகும். ஏமாற்றப்பட்டவர் அடுத்த முறை உண்மையைச் சொன்னாலும் நம்பமாட்டார்.

நான்காவது, பரிசு. பரிசு கொடுப்பதாயின், உள்ளே வரும்போதே, வாசலிலேயே கொடுத்துவிடுங்கள். பொதியைப் பெற்றுக்கொண்டு உடனே வீடு போக விரும்பும் பிள்ளையும் போகலாம் என்றிருக்கட்டும். அதன் பின்னரும் இருந்து கேட்பவர்கள் மனமுவந்து கேட்பவர்களாவர். சிறு பிள்ளைகளைக் கையுயர்த்தச் சொல்லும் வழக்கத்தை அடியோடு விட்டுவிடுவது நல்லது. பெற்றோரின் சமயத்தைப் பிள்ளையின் முன்னே குறைத்துப் பேசுவதும் கூடாது.

ஐந்தாவது, பெயரும் படமும். வாசலில் யார் பெயரையும் பதியாதீர்கள். மேலும் அறிய விரும்புபவர் தாமாகவே எழுதிப் போடச் சிறிய பெட்டியொன்றை வெளிவாசலில் வைத்தாற் போதும். பிள்ளைகளைப் படம் பிடித்து இணையத்தில் இடுவதானால் பெற்றோரின் சம்மதம் வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தின் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2018 மே மாதம் முதல் நடைமுறையில் உள்ளது. இந்நாட்டுப் பெருந்திருச்சபைகளும் அதற்கு ஈடான விதிகளை வைத்திருக்கின்றன. ஊரிலே உறவினர் உள்ளவர்களுக்கும் வழக்கு முடியாதவர்களுக்கும் ஒரு படம் எவ்வளவு பெரிய விடயம் என்பதைச் சட்டம் சொல்லித்தான் நாம் அறியவேண்டுமென்பதில்லை.

ஆறாவதாக ஒன்று, இதனைச் சொல்லத் தயங்கினோம். ஞானஸ்நானம் பெற்றால் வீசா கிடைக்கும் என்ற பேச்சு எம்மவர் சிலரிடையே உலவுகின்றது. அதனை நம்பிப் போகின்றவர்களும் உளர். கேட்டும் கேளாதவர்போல் இருக்கின்ற சபைகளும் உள. ஞானஸ்நானச் சான்றிதழ் எந்த வழக்கையும் தானாக வெல்லாது. அகதியின் அச்சத்தை விசுவாசத்துக்கு விலையாகப் பெறுபவர், இரண்டையும் கெடுக்கின்றார். நத்தார் மேடையிலேயே இதனை ஒரு வாக்கியத்தில் வெளிப்படையாகச் சொல்லிவிடும் துணிவு போதகர்களுக்கும் குருவானவர்களுக்கும் வேண்டும்.

சைவர்கள் கிறிஸ்தவக் கோவிலுக்கு வரத் தயங்குபவர்கள் என்று யாரும் எண்ண வேண்டாம். மன்னார் மடுத் திருவிழாவுக்கு அவர்கள் தலைமுறை தலைமுறையாகப் போய் வந்திருக்கின்றார்கள். இந்நாட்டிலும் ஓகஸ்ற் மாதத்தில், டச்சு எல்லைக்கு அருகேயுள்ள கெவெலார் மாதா திருத்தலத்துக்குத் தமிழர் ஆயிரக்கணக்கிற் கூடும்போது, அவர்களிற் கணிசமானோர் சைவர்களே. அங்கே நேர்த்தி வைத்து, மெழுகுதிரி ஏற்றி, வணங்கிச் செல்கின்றார்கள். நீ யார், எந்தச் சமயம், விலாசம் என்ன என்று அங்கே ஒருவரும் கேட்பதில்லை. கேளாததாலேயே வருகின்றார்கள் என்பது எமது துணிபு.

ஊரிலே நாம் கற்பித்த காலத்தில் ஆண்டிறுதியில் ஒளிவிழா நடக்கும். சைவப் பிள்ளை மரியாளாக நடிப்பாள்; கத்தோலிக்கப் பிள்ளை நவராத்திரிக்குப் பூக்கட்டிக் கொடுத்திருப்பாள். கொடுக்கல் வாங்கல் இரு பக்கமும் இருந்தது. இங்கே எமது சபைகள் அழைக்கின்றன. ஆனால் அழைக்கப்படும்போது போகின்றனவா? தைப்பொங்கலுக்கு அயல்வீட்டார் கூப்பிட்டால், ஒரு கிண்ணம் புக்கை வாங்கி உண்டு, அவர்கள் சூரியனுக்கு ஏன் படைக்கின்றார்கள் என்று பொறுமையாகக் கேட்டிருக்கின்றோமா? நத்தாருக்கும் பொங்கலுக்கும் இடையே மூன்று வாரமே. அந்த மூன்று வாரத்துக்குள் நாம் விருந்தினராகப் போனால், நாம் சொன்ன கதைக்கு மதிப்பு உண்டாகும்.

இந்நாட்டுப் பங்குகளுக்கும் ஒரு வார்த்தை. டிசெம்பர் 24ஆம் திகதி மாலையிலேயே இங்குள்ள கோவில்கள் ஆண்டின் வேறெந்த நாளிலும் காணாத அளவுக்கு நிறைகின்றன. பிற்பகலோடு கடைகள் மூடப்படும்; அவரவர் தத்தம் குடும்பத்தோடு கதவடைத்துக்கொள்வர். குடும்பத்தை ஊரில் விட்டு வந்த தனித்த இளைஞனுக்கு ஆண்டின் மிக நீண்ட இரவு அதுதான். அவ்விரவில் மண்டபத்தைத் திறந்து வைத்து, சூடான தேநீரும் உணவும் கொடுத்து, பாட விரும்புவோர் பாடவும் சும்மா இருக்க விரும்புவோர் இருக்கவும் விடுகின்ற பங்குகள் சில இருக்கின்றன. அத்தகைய கதவொன்று அகதிகள் குடியிருப்புக்கு அருகிலும் திறந்திருந்தால் நன்று.

சைவ வாசகர்களிடம் நாம் வேண்டுவது சிறிதே. அழைப்பு வந்தால், மனமிருந்தாற் போங்கள். விளங்காததைக் கேளுங்கள். பெயரும் விலாசமும் கேட்டால், தரமாட்டேன் என்று சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. தராததற்காக எவரேனும் முகம் சுளித்தால், அந்தச் சுளிப்பே அவர்களைப் பற்றி உங்களுக்குப் போதிய அளவு சொல்லிவிடும்.

அந்தத் தாயிடம் நாம் பின்னர் போனோம். பகலில், முன்கூட்டியே தொலைபேசியிற் சொல்லிவிட்டு, மனைவியோடு போனோம். எமது கையெழுத்தில் இருந்த அந்தப் பட்டியலைச் சபையாரிடம் கேட்டு வாங்கி அழித்துவிட்டதைச் சொன்னோம்; மன்னிப்பும் கேட்டோம். அவர் தேநீர் தந்தார். பிள்ளைகளின் படிப்பைப் பற்றிப் பேசினார். நத்தார் நிகழ்ச்சியைப் பற்றி ஒரு சொல்லும் பேசவில்லை. நாமும் பேசவில்லை. மன்னிப்புக் கேட்கப் போன இடத்தில் அழைப்பிதழ் நீட்டுவது அழகன்று.

இவ்வாண்டு அச்சபையின் அழைப்பிதழை எழுதும் பணி எம்மிடம் வந்திருக்கின்றது. திங்கள் மாலை, சைவ உணவு, பத்து நிமிட உரை என்று எழுதியிருக்கின்றோம். பரிசு வாசலிலேயே கொடுக்கப்படும். அடியில், அனைவரும் வருக என்பதற்குக் கீழே, ஒரு வரி சேர்த்திருக்கின்றோம்: பெயர் பதியத் தேவையில்லை. அந்தத் தாய் வருவாரோ அறியோம். வந்தால் வாசலில் வரவேற்க நாம் நிற்போம். இம்முறை எம்முன் மேசை இராது.